வகுப்பில் நூற்றுக்கு நூறு, அப்புறம் ஏன் மறுபடியும் கிளினிக்?

கேள்வி: பெற்றோர் ஆதரவு இல்லாமல் இல்லங்களில் வளர்ந்து, 18 வயது முடிந்ததும் அங்கிருந்து வெளியே வரும் பெண்களுக்கான விடுதியில் நான் வார்டன். இப்போது 11 பேர் இருக்கிறார்கள், எல்லோரும் 18-லிருந்து 21 வயதுக்குள். மாதம் ஒருமுறை பால்வினை நோய்கள் பற்றி வகுப்பு நடத்துகிறோம். முடிவில் கேள்வித்தாள் கொடுத்தால் எல்லோரும் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆணுறையும் வாங்கி வைத்திருக்கிறோம்; அலுவலக அறையில் வந்து கேட்டால் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்போம். இதுவரை ஒருத்திகூடக் கேட்டதில்லை. ஒழுங்கிலும் குறை வைக்கவில்லை. இரவு எட்டரைக்கு கேட்டைப் பூட்டினால் பூட்டியதுதான், யார் வந்தாலும் திறப்பதில்லை. இவ்வளவு செய்தும் இந்த வருடம் மூன்று பேருக்குத் தொற்று. அதில் 19 வயதுப் பெண் ஒருத்தி, வகுப்பில் முதல் ஆள், கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுக்கு மருந்து சாப்பிட்டு முடித்த மூன்றாவது மாதமே அதே தொற்றோடு வந்து நிற்கிறாள். அவளுக்கு ஒரு காதலன் இருக்கிறான், முப்பது வயதைத் தாண்டியவன். எல்லாம் தெரிந்தும் ஏன் இப்படி? இவள் திருந்தவே மாட்டாளா? அவளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல்முறை படித்தபோது அந்தப் பெண்ணைப் பற்றி யோசித்தேன். இரண்டாவது முறை உங்கள் கேட்டைப் பற்றி. கேட்டுக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த 'திருந்தவே மாட்டாளா'வை முடித்துவிடலாம். கிளமிடியாவுக்கு மருந்து சாப்பிட்டவருக்குச் சில மாதங்களில் அதே தொற்று திரும்ப வந்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: துணைவர் மருந்து சாப்பிடவில்லை. கிளமிடியா பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. எரிச்சல் இல்லை, வலி இல்லை, அவனுக்குத் தன்னிடம் இருப்பதே தெரியாது. அவள் ஒழுங்காக மாத்திரையை முடித்துவிட்டு அவனிடமே திரும்பிப் போயிருப்பாள், அவனிடமிருந்து மறுபடி வாங்கி வந்திருப்பாள். இது அடிக்கடி நடப்பது என்பதால்தான், சிகிச்சை முடிந்து சுமார் மூன்று மாதத்தில் மறுபரிசோதனை செய்யச் சொல்கிறோம். உங்கள் பெண் மூன்றாவது மாதத்தில் வந்து நின்றாள் என்றால், என் கணக்கில் அவள் சொன்னபடி கேட்ட நோயாளி. குற்றம் சொல்ல வேண்டுமென்றால், துணைவருக்கும் மருந்து போய்ச் சேர்கிறதா என்று பார்க்காமல் அவளை மட்டும் அனுப்பிவைத்த எங்கள் தரப்பைச் சொல்லலாம்.

சரி, இனி உங்கள் பெரிய கேள்வி. எல்லாம் தெரிந்தும் ஏன்?

பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவில் ஆலோசகராக இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்; அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவளும் இல்லத்தில் வளர்ந்தவள்தான். என் எதிரே உட்கார்ந்து நான் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். எச்ஐவி எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, ஆணுறையின் காலாவதித் தேதி எங்கே இருக்கும், எல்லாம். கரைத்துக் குடித்திருந்தாள். பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் மேசைமேல் இருந்த அவள் போன் ஏழெட்டு முறை அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் அதைக் குப்புறக் கவிழ்ப்பாள், பத்து விநாடி பொறுப்பாள், மறுபடி எடுத்துப் பார்ப்பாள். "யாரும்மா?" என்றேன். "அவர்தான். எங்க இருக்கேன்னு கேக்கறார். போன் அவர் வாங்கித் தந்தது, ரீசார்ஜும் அவர்தான் பண்றார்."

"ஆணுறை போடச் சொல்லிப் பார்த்தாயா?"

"சொன்னேன் மேடம். 'என்மேல நம்பிக்கை இல்லையா, இல்ல நீ வேற எங்கயாவது போறியா'ன்னு கேட்டார்."

"அதற்கு நீ?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு என்னையே திருப்பிக் கேட்டாள்: "அவர் கோவிச்சுக்கிட்டு இறக்கிவிட்டா, நான் எங்க மேடம் போறது?"

உங்கள் கேள்வித்தாளில் இந்தக் கேள்வி இருக்காது. அவளுக்கு வேறு வீடு கிடையாது. அவசரத்துக்குக் கூப்பிட அம்மா இல்லை, அண்ணன் இல்லை. தங்கும் அறை அவன் பெயரில். கிளமிடியா வந்தால் ஒரு வார மாத்திரை. அவன் இறக்கிவிட்டால் தெரு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் அவள் முடிவெடுத்திருந்தாள். அதை நாம் 'விவரம் தெரியாத பெண்' என்று எழுதிவைக்கிறோம்.

இதே கணக்கை வேறு வேறு உருவத்தில் தினமும் பார்க்கிறேன். பாலின அடையாளத்துக்காக வீட்டில் தண்ணீர் தெளித்து விட்ட பிள்ளைகள், ஒரு ராத்திரி தலைசாய்க்க இடம் கொடுப்பவன் கேட்பதைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். "அவன் போனில் என் போட்டோ இருக்கு" என்ற ஒற்றைக் காரணத்துக்காக, பிடிக்காத உறவில் வருடக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு. உங்கள் விடுதி பெண்களுக்கானது என்றாலும் பையன்களையும் சொல்லிவிடுகிறேன். ஆணுறை வாங்கினால் நண்பர்கள் சிரிப்பார்கள், பரிசோதனைக்குப் போனால் 'என்னடா ஆச்சு' என்று கிளறுவார்கள், கூட்டத்தோடு குடித்தால் அன்றைக்கு யாரும் எதையும் யோசிப்பதில்லை. 2005-இல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். தனியாக விளையாடும்போது நிதானமாக ஆடிய பதின்ம வயதினர், நண்பர்கள் பக்கத்தில் இருந்ததும் ஆபத்தான ஆட்டத்துக்குப் போனார்கள். வயதில் பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. அதே பிள்ளை, அதே அறிவு, பக்கத்தில் நிற்பவர்கள்தான் வேறு.

குழந்தைப் பருவத்துக்கும் பங்கு உண்டு. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் வன்முறை, வீட்டுக்குள் குடிப்பழக்கம், பாலியல் கொடுமை போன்றவற்றில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளை அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிடப் பால்வினை நோய் வந்திருக்கும் வாய்ப்பு இரண்டிலிருந்து நான்கு மடங்கு என்ற வரம்பில் இருந்தது. இதைப் படித்துவிட்டு 'இந்தப் பிள்ளைகளின் தலையெழுத்தே இப்படி' என்று யாராவது முடிவுகட்டினால் எனக்குக் கோபம் வரும். அந்த எண் கூட்டத்துக்கு உரியது. உங்கள் 11 பேரில் யாருக்கு என்ன ஆகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால், அன்பைக் காட்டுகிறேன் என்று வருபவனிடம் எப்போது விலக வேண்டும் என்பது, சின்ன வயதில் யாராவது அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் எளிதாகப் பழகும். அது கிடைக்காத பிள்ளைகளிடம் பத்து நோய்களின் பெயரை ஒப்பிக்கச் சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் வகுப்பே வேண்டாமா? வேண்டும், பாடத்தை மாற்றுங்கள். கென்யாவில் பாஸ்கலின் டூபா என்ற பொருளாதார அறிஞர் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிகளில் வழக்கமாக நடத்தும் 'கல்யாணம் வரை வேண்டாம்' பாடம் பதின்ம வயதுக் கர்ப்பங்களைக் குறைக்கவில்லை. இன்னொரு தொகுதிப் பள்ளிகளில் ஒரே ஒரு விவரத்தைச் சொன்னார்கள்: வயதில் மூத்த ஆண்களிடம் எச்ஐவி தொற்று எத்தனை மடங்கு அதிகம் என்று. அவ்வளவுதான். அந்தப் பள்ளி மாணவிகளிடையே கர்ப்பம் 28 சதவீதம் குறைந்தது. மூத்த ஆண்களால் ஏற்பட்ட கர்ப்பங்கள்தான் பெரிதும் குறைந்திருந்தன. ஏனென்றால் அந்தத் தகவலை வைத்து அந்தப் பெண்களால் ஒன்று செய்ய முடிந்தது. யாரோடு பழகுவது என்பது அவர்கள் கையில் இருந்தது. ஆணுறை போடுவது ஆண் கையில்.

பணம் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. மலாவி நாட்டின் ஜோம்பா மாவட்டத்தில் பள்ளி செல்லும் பெண்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மாதாமாதம் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பணம் வாங்கியவர்களில் 1.2 சதவீதம் பேரிடம் எச்ஐவி இருந்தது, வாங்காதவர்களில் 3 சதவீதம். 2012-இல் வெளியானது. யாரும் அவர்களுக்குக் கூடுதலாகப் பாடம் எடுக்கவில்லை. கையில் காசு இருந்தது, காசு வைத்திருப்பவனைத் தேடிப் போகவேண்டிய தேவை குறைந்தது. இதைச் சொல்பவர்கள் மறுபாதியையும் சொல்ல வேண்டும்: அதே ஆய்வில் ஏற்கெனவே படிப்பை நிறுத்தியிருந்த பெண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பிறகு தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு ஆய்விலும் பணத்தால் எச்ஐவி குறையவில்லை. பள்ளிக்கு ஒழுங்காகப் போன பெண்களுக்குத்தான் ஆபத்து குறைவாக இருந்தது. ஆக, பணத்தை மந்திரம்போல நினைக்க வேண்டாம். உங்கள் பெண்களில் யாருக்குச் சொந்தமாகச் சம்பளம் வருகிறது, யாருடைய போனுக்கு வேறொருவன் ரீசார்ஜ் செய்கிறான் என்பது உங்களுக்குத் தெரியுமா? அதைத் தெரிந்துகொள்வது பல வகுப்புகளுக்குச் சமம்.

இப்போது கேட்டுக்கு வருகிறேன். எட்டரைக்கு மேல் யார் வந்தாலும் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டேமுக்காலுக்கு வந்து சேர்ந்த பெண் அன்றிரவு எங்கே தூங்குகிறாள்?

யோசித்துப் பாருங்கள். பஸ் தாமதமாகியிருக்கலாம், வேலையில் நேரமாகியிருக்கலாம், அவனோடு சண்டை போட்டுக்கொண்டு பாதியில் இறங்கி ஓடி வந்திருக்கலாம். கேட் பூட்டியிருக்கிறது. அவளுக்குத் தெரிந்த திறந்த கதவு ஒன்றே ஒன்று, அது அவன் வீட்டுக் கதவு. அந்தக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனபிறகு 'ஆணுறை போடு' என்று அவளால் சட்டம் பேச முடியுமா? பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அந்த விதியை வைத்திருக்கிறீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அது காப்பது சொன்ன நேரத்துக்கு வந்துவிடும் பெண்ணை. தாமதமாக வருபவளுக்குத்தான் அன்றைக்கு நீங்கள் தேவை. எனவே கேட் எந்த நேரமும் திறக்கட்டும். ஏன் லேட் என்ற விசாரணையை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இதனால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று உங்கள் நிர்வாகத்தில் யாராவது சொல்வார்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதிவையுங்கள், பேசுங்கள், வேண்டுமானால் கண்டியுங்கள். வெளியே மட்டும் நிறுத்தாதீர்கள்.

அந்த ரிஜிஸ்டரையும் எடுத்துவிடுங்கள். ஆணுறை வாங்க ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்து, பெயர் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும் என்றால், நானே வாங்க மாட்டேன். பையில் ஆணுறை வைத்திருக்கும் பையனை விவரமானவன் என்கிறோம். அதையே ஒரு பெண் வைத்திருந்தால் என்ன சொல்கிறோம் என்று உங்களுக்கே தெரியும், அந்தப் பெண்களுக்கும் தெரியும். குளியலறை அலமாரியில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், பக்கத்தில் சானிட்டரி நாப்கினும் இருக்கட்டும். எண்ணாதீர்கள். குறையக் குறைய நிரப்புங்கள்.

வகுப்பில் பேச்சைப் பழக்குங்கள். 'நம்பிக்கை இல்லையா?' என்று அவன் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிப் பார்க்கட்டும். நான் பார்த்தவரை பெண்கள் கண்டுபிடிக்கும் பதில்கள் நாம் எழுதிக் கொடுப்பதைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும். ஒருத்தி சொன்னது: "டாக்டர் எனக்கு மாத்திரை கொடுத்திருக்கார், முடியற வரைக்கும் கண்டிப்பா போடணும்னு சொன்னார்." பழியைத் தூக்கி டாக்டர் தலையில் போட்டுவிட்டாள். தாராளமாகப் போடட்டும், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். எந்தப் பதிலைச் சொன்னாலும் அடி விழும் என்கிற வீட்டில் இருப்பவளுக்கு மட்டும் இந்தப் பயிற்சி உதவாது. அவளுக்கு வேண்டியது வெளியேறும் வழி.

சில நேரக் கணக்குகள் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ராத்திரியில் முதலில் கேள்விப்படப்போவது நீங்கள். எச்ஐவி தொற்றியிருக்கலாம் என்ற நிலையில் தடுப்பு மருந்தை, அந்தச் சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடர்ந்து 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் அப்படித்தான், முந்தினால் பலன் அதிகம். ஐந்து நாள் வரை பயன் தரும் வகைகளும் உண்டு. மறுநாளே எச்ஐவி பரிசோதனை செய்து 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது. தொற்று பரிசோதனையில் தெரியச் சில வாரங்கள் ஆகும், சில வகைப் பரிசோதனைகளுக்கு மூன்று மாதம்வரை. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் ஆரம்ப நிலையில் பெனிசிலின் ஊசியிலேயே குணமாகும். கிளமிடியாவைக் கவனிக்காமல் விட்டால் கருக்குழாயைப் பாதித்துப் பின்னால் குழந்தைப்பேற்றுக்கே இடைஞ்சலாகலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்பிவி தடுப்பூசி இந்தப் பெண்கள் யாராவது போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். சின்ன வயதில் போடுவதுதான் சிறப்பு, ஆனாலும் 18, 19-இல் போட்டுக்கொள்வது வீண் அல்ல.

அந்த 19 வயதுப் பெண்ணிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒருத்தி இரண்டாவது முறை தொற்றோடு வந்தபோது, "போன தடவை அவ்வளவு சொல்லியும் இப்படியா?" என்று கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். மருந்துச் சீட்டை வாங்கிப் போனவள் திரும்பி வரவே இல்லை. அந்தத் தொற்று சரியானதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகவே 'ஏன்' என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் வேண்டாம். "மறுபடி பரிசோதனைக்குப் போனது நல்ல காரியம்" என்று ஆரம்பியுங்கள், அது உண்மையும்கூட. அடுத்து ஒரே ஒரு கேள்வி: "அவர்கிட்ட மருந்து சாப்பிடச் சொன்னால் உனக்கு ஏதாவது ஆபத்து வருமா?"

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். 'போய் அவனிடம் சொல்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம், அடி வாங்குவது அவள். பயமாக இருக்கிறது என்றால் அவள் சொல்ல வேண்டாம். கிளினிக்கில் ஆலோசகரிடம் சொன்னால், யார் மூலம் வந்தது என்று பெயர் சொல்லாமல் அவனைப் பரிசோதனைக்கு அழைக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பயமில்லை என்றால் இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்கட்டும், முடியும்வரை உறவு வேண்டாம். அவனுக்கு முப்பது வயதுக்கு மேல் என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அவள் 18 தாண்டியவள், 'அவனை விட்டுவிடு' என்று கட்டளை போட்டால் அவனைப் பற்றிய பேச்சைத்தான் உங்களிடம் விட்டுவிடுவாள். அவளுக்கு 18 ஆகுமுன்பே இது தொடங்கியது என்று தெரியவந்தால் அது வேறு விஷயம், குழந்தைகள் பாதுகாப்பில் பொறுப்புள்ளவர்களிடம் போக வேண்டியது. உங்களுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். அவள் அதைச் சொல்லத் தொடங்கும்போதே, இதை நான் ரகசியமாக வைத்திருக்க முடியாது என்று அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இந்தச் சுற்று மருந்து முடிந்து மூன்று மாதம் என்று கணக்கிட்டால் எந்தத் தேதி வருகிறது என்று இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவளோடு கிளினிக்குக்குப் போங்கள். வாசல்வரை போதும். உள்ளே அவள் தனியாகப் போகட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.